துப்பாக்கித் தளவாய்க்கு என்ன ஆச்சு?

ராஜபாளையம்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் ஷெரினும் இருக்கிறோம். 'நலமாக' என்று சேர்த்து எழுத வந்தேன், கை எழுதவில்லை. சாம்சன் அத்தானுக்கு வலது கையில் கொஞ்சமாவது அசைவு வந்திருக்கிறதா? பிசியோதெரபிக்காரர் ஒழுங்காக வருகிறாரா?

தைராய்டு ஆபரேஷன் செய்த காயம் ஆறிவிட்டது. குரல்தான் வரவில்லை, வெறும் காற்று வருகிறது. ஈஸ்டர் வரைக்கும் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போன் கிடையாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு முடித்துவிடுகிறாய். இப்போது நான் கேட்கப்போவது கும்பிடில் முடிகிற காரியம் இல்லை. அதனால்தான் தபால்.

அக்கா, என்னால் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடுகிறது. மாத்திரைக் களைப்பு மட்டும் இல்லை. பதினோரு வருஷமாக மாதம் ஒரு துப்பாக்கித் தளவாய் காமிக்ஸ். பகலில் பேண்டேஜ் கம்பெனி, வீட்டுக்கு வந்தால் தளவாய். அவன் எத்தனை மாடியிலிருந்து குதித்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் மூட்டு வலிக்கிறது. புத்தகம் போடுகிற ராஜரத்தினம் அண்ணாச்சி சிவகாசியிலிருந்து ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டுகளில் தளவாய் மாதிரி ஓடுகிற காமிக்ஸ் வேறு இல்லையாம். ஒரு மாதம் நின்றால் கடைக்காரன் அதே கொக்கியில் வேறு எதையாவது மாட்டிவிடுவானாம்.

இரண்டு புத்தகம் நீ எழுதித் தருவாயா? என் பெயரில்தான் வரும். படம் எப்போதும்போல வினோத். தளவாயைக் கண்டால் உனக்கு ஆகாது என்று தெரியும். ஆனாலும் நம் வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் நீதான். கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றி நீ போட்ட படக்கதைப் புத்தகத்துக்கு மதுரையில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்களே. அது முந்நூறு பிரதிகூடப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

கோபப்படாமல் பதில் போடு.

உன் தம்பி
பென்சன்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
21.1.2025

அன்புத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாகட்டும். அத்தானுக்குக் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. கட்டில் சட்டத்தில் அதைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறார். நீ வெந்நீர் குடிக்கிறாயா? ஷெரினைக் கேட்டதாகச் சொல்.

முந்நூறு பிரதிக் கதையை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் இசக்கிமுத்து கடைக்குப் போய்ப் பழைய தளவாய் பத்து வாங்கி வந்தேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். ஏலே, பத்துப் புத்தகத்திலும் ஒருத்தன்கூட ஒரு வாய் சாப்பிடவில்லை. தளவாய் சுடுகிறான், ஆள் விழுகிறான், அடுத்த கட்டத்தில் அந்த ஆளே இல்லை. அவனை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? அவனுக்கு வீடு, வாசல் ஒன்றும் கிடையாதா? இதையா உன் ஆட்கள் மாதாமாதம் காத்திருந்து வாங்குகிறார்கள்?

எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அத்தான் தூங்குகிற நேரத்தில் எனக்கும் ஏதாவது வேண்டும். ஒரே நிபந்தனை, ஒரு வரியை மாற்றக் கூடாது.

அக்கா
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.2.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே பனி விட்டுவிட்டது, அத்தானுக்குச் சளியும் விட்டது. உன் உடம்பு தேறி வரும் என்று நம்புகிறேன்.

கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் உன் ஆள் சுடுகிறான். குண்டு திருடன் மேல் படவில்லை. பால் வாங்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர் மேல் பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாதான். அந்த மனிதரின் மனைவியோடு தளவாயும் அங்கேயே கிடக்கிறான். சுட்டது தான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. ரத்தம் கொடுக்கிறான், மருந்துச் சீட்டோடு ஓடுகிறான், தினமும் காலையில் அவளுக்கு டீ வாங்கி வருகிறான். கடைசியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. "நாளைக்கு டீ வாங்க நீ வர வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறாள்.

வராண்டாவில் யாருக்கு எந்த இடம், செக்யூரிட்டி எழுப்பும்போது எதை முதலில் எடுக்க வேண்டும், பிளாஸ்க்கை எந்தப் பக்கம் வைத்தால் கால் படாது, எல்லாம் எழுதியிருக்கிறேன். வினோத் எதையும் விட்டுவிடாமல் போடட்டும்.

எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன், ரொம்ப நாளுக்கு அப்புறம்.

அக்கா
பரிபூரணம்


ராஜபாளையம்
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கதை கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். ஷெரின் ஒரு தடவை படித்துவிட்டு, "மதுரை ஆஸ்பத்திரியில மதினி அண்ணன வச்சுக்கிட்டுக் கெடந்தப்ப நாம ரெண்டு தடவதான போனோம்?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ராஜரத்தினம் அண்ணாச்சி எந்தக் கதையையும் படிப்பதில்லை, பக்கத்தை மட்டும் எண்ணுவார். நேரே வினோத்திடம் போய்விட்டது. வினோத் எனக்கு மெசேஜ் போட்டான்: 'சார், அந்த அம்மா முகத்தை நாலு தடவை அழிச்சுப் போட்டேன். இத்தனை வருஷத்துல நான் எதையும் அழிச்சதில்ல.'

ஒரு வரிகூட மாற்றவில்லை. அடுத்ததையும் எழுது. அத்தானுக்கு என் அன்பு.

தம்பி
பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.4.2025

அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டர் ஆராதனைக்கு இந்த வருஷமும் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து அத்தானுக்குத் துணையாக இருந்த ஒரு மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். கோயிலுக்குப் போயிருக்கலாம். நீயே சொல், கூடப்பிறந்தவனிடம் பொய் சொல்ல முடியுமா? புத்தகம் தொங்குகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

தொங்கியது! இசக்கிமுத்து முன்னாலேயே மாட்டியிருந்தார். ஒரு ஆள் கழற்றிப் புரட்டிப் பார்த்ததையும் பார்த்தேன். மேலட்டையில் தளவாய் துப்பாக்கி இல்லாமல் நிற்கிறான், வினோத் நன்றாகப் போட்டிருக்கிறான். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் வந்தபோது அந்தக் கட்டைவிரல் தட்டவே இல்லை, அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கதையையும் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் தளவாயின் வீட்டைத் தேடி வருகிறாள். இது முதலாவதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படி நானே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

உன் குரல் வந்துவிட்டதா? எடை கூடியிருக்கிறதா? ஷெரினின் அம்மா ஊருக்குப் போய்விட்டார்களா? புத்தகம் எப்படிப் போகிறது?

அக்கா
பரிபூரணம்


ராஜபாளையம்
19.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் தாமதம், மன்னித்துக்கொள். குரல் கொஞ்சம் வந்திருக்கிறது, பழைய ரேடியோ மாதிரி கரகரவென்று. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஷெரினின் அம்மா போன வாரம்தான் போனார்கள். இங்கே வெயில் தாங்கவில்லை. மத்தியானத்தில் கரண்ட் வேறு போய்விடுகிறது. கம்பெனியில் பஞ்சு பறந்து மூச்சு முட்டுகிறது. தேவதானத்திலிருந்து ஒருவர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். உனக்குக் கொடுத்தனுப்ப நினைத்தேன், அதற்குள் கனிந்துவிட்டது.

இரண்டாவது கதை ரொம்ப நன்றாக இருக்கிறது. வினோத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அத்தானைப் பார்த்துக்கொள்.

தம்பி
பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.7.2025

பென்சனுக்கு,

நாங்கள் சுகம். ஏப்ரலில் நான் நாலு கேள்வி கேட்டேன், நீ மூன்றுக்குப் பதில் எழுதினாய். கேட்காத மாம்பழத்தைப் பற்றிக்கூட எழுதினாய். ஜூனில் ஒரு கார்டு போட்டேன், அதற்குப் பதிலே இல்லை. போன் செய்தால் ஷெரின் எடுத்து நீ தூங்குவதாகச் சொல்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எவன் தூங்குவான்?

நேற்று இசக்கிமுத்து கடைக்குப் போனேன். தளவாய் முன்னால் இல்லை. உள்ளே மூலையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: "சிவகாசிக்குத் திருப்பி அனுப்பணும் டீச்சர். ரெண்டு மாசமாத் தளவாய்க்கு என்னமோ ஆயிருச்சு. வாங்கினவனெல்லாம் வந்து என்னைய ஏசுதான். ஒருத்தன் கேக்கான், 'என்னவே, உள்ள வேற புஸ்தகத்த வச்சுத் தச்சுட்டானா'ன்னு. எழுதுறவருக்கு மேலுக்கு முடியலையாம்ல, பாவம். சரியாப் போயிரும்."

அந்தக் கட்டுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை உருவி ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். "சும்மா எடுத்துட்டுப் போங்க டீச்சர், போகாத சரக்குதான" என்றார்.

நீ சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். இரண்டாவது கதை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதியபோதே உனக்குத் தெரியும்தானே?

பரிபூரணம்


ராஜபாளையம்
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும். மே மாதமே தெரியும். முதல் புத்தகம் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. ராஜரத்தினம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பென்சா, ஆபரேசன் தொண்டையிலயா மண்டையிலயா?" என்று கேட்டார். எனக்குக் குரல் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டிப் பேசாமல் இருந்துவிட்டேன். உன் பெயரைச் சொன்னால் உன்னை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அந்த வராண்டாவில் பிளாஸ்க் வைக்கிற இடம் வரைக்கும் எழுதின உனக்கு, அது விற்கவில்லை என்று எப்படி எழுதுவேன்?

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் டீ குடிக்கிற கடையில் சமுத்திரம் என்று ஒருவர் வருவார். சேத்தூர்க்காரர். மில்லில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர். ஒரு தளவாய் விடமாட்டார். போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. போன வருசம் எங்கய்யாவ வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் நான் கெடந்தேன். நான் பட்டத அப்பிடியே எழுதியிருக்கிய. ஒண்ணுகூடத் தப்பில்ல. எனக்குத் தெரிஞ்சத நான் எதுக்கு அம்பது ரூவா குடுத்துப் படிக்கணும்? எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன். பஸ்ஸுல போற செத்த நேரம் அவன் பறந்தா என்ன? நமக்குத்தான் ஏலாது, அவனுக்குமா ஏலாது?"

அவர் சண்டைக்கு வரவில்லை அக்கா. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

நேற்று சிவகாசிக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "டீச்சருக்கு என் வணக்கத்தச் சொல்லு. நானும் எடுத்துப் படிச்சேன். ராத்திரி சாப்பாடு எறங்கல. அதான்யா பயமா இருக்கு, இனிமே அவங்க எழுத வேண்டாம்" என்றார்.

நீ என்மேல் கோபப்படு. ஆனால் பதில் போடு.

தம்பி
பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.9.2025

அன்புத் தம்பிக்கு,

கோபம் இருந்தது. அத்தானுக்கு நடுவில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இங்கேயேதான், நாலு நாள். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டோம். அதில் உன்மேல் இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டது.

அங்கே இருந்தபோது சமுத்திரம் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். பிறகு பார்த்தால் என் பைக்குள் நானே வார இதழ் ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறேன், நகைக்கடை விளம்பரமும் ஜோக்கும் படிக்க. என் கதையை யாராவது அந்த வராண்டாவில் என்னிடம் கொடுத்திருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனாலும் நான் எழுதியது தப்பில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். உன்னைப்போல ஒரு தளவாய் எழுதிப் பார்த்தேன். என்ன பெரிய வித்தை, ஒரே உட்காரலில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். செங்கோட்டை ரயிலிலிருந்து அவனைக் குதிக்க வைத்தேன். அவ்வளவுதான். கீழே சரளைக்கல், கால் எங்கே படும், கணுக்கால் என்ன ஆகும் என்று யோசனை வந்துவிட்டது. மூன்று நாள் அவன் அந்த ரயில் வாசலிலேயே நின்றான். நீ பதினோரு வருஷமாக அவனை ஒரு அடிகூடப் படாமல் இறக்கியிருக்கிறாய். அதைச் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

நீயே எழுது. உன் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அக்கா
பரிபூரணம்


ராஜபாளையம்
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் காய்ச்சலைப் பற்றி முன்னாலேயே சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். நான் சொல்லாததற்கு நீ பதிலுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டாய் போலிருக்கிறது. போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று ஷெரின் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் எழுதினேன். முதல் பத்துப் பக்கம் பழையபடி ஓடியது. சேத்தூர் ரோட்டில் ஒரு லாரி, மேலே தளவாய், பின்னால் நாலு பேர். ஒருவனைச் சுட்டான். அவன் லாரியிலிருந்து ரோட்டில் விழுந்தான். அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். போக முடியவில்லை அக்கா. ரோட்டில் கிடக்கிறானே, யார் தூக்குவார்கள்? தளவாயை லாரியிலிருந்து இறக்கிவிட்டேன். அவனே தூக்கினான். அதற்கப்புறம் கதை வேறு எங்கோ போய்விட்டது. முடிக்கிறபோது எனக்குக் களைப்பே இல்லை.

அண்ணாச்சி இந்தத் தடவை பக்கத்தை எண்ணவில்லை, படித்தார். "ஏம்ப்பா, இதையும் அக்காட்ட குடுத்தியா?" என்றார். நானேதான் எழுதினேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப ஒனக்கும் தொத்திக்கிட்டு" என்றார்.

கத்தவில்லை. கதையை என் கையில் திருப்பி வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார், தளவாய் என்ற பெயர் அவர் கம்பெனியுடையது, வெளியே நான் அதை எழுதக் கூடாதாம், என் பெயரையும் அட்டையில் இத்தனை வருஷம் போட்டுப் பழகிவிட்டதாம், அது இருந்தால்தான் கடைக்காரன் எடுப்பான். விருதுநகரில் விஜி என்று ஒரு ஆள் வேகமாக எழுதுகிறாராம். அவர் எழுதட்டும், பென்சன் என்றே வரட்டும் என்றார். மாதம் ஏதோ தருகிறேன் என்றார், அது வேண்டாம் என்றேன். மற்றதற்குச் சரி என்று சொல்லிவிட்டேன். எதிர்த்துப் பேசக் குரல் இருந்தது. தெம்புதான் இல்லை.

இனி பேண்டேஜ் கம்பெனி மட்டும்தான். வேலை விட்டு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன்.

தம்பி
பென்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.10.2025

அன்புத் தம்பிக்கு,

அத்தான் சுகம். நேற்று முதல் ஆள்காட்டி விரலும் அசைகிறது.

அண்ணாச்சி திருப்பிக் கொடுத்ததை எனக்கு அனுப்பு. அச்சுக்கு இல்லை, பரிசுக்கும் இல்லை. உன் லாரியிலிருந்து விழுந்தவன் பிழைத்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்த விஜி எழுதின தளவாய் வந்துவிட்டதா? சமுத்திரத்தைப் பார்த்தாயா?

அக்கா
பரிபூரணம்


ராஜபாளையம்
7.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் விரலைப் பற்றிப் படித்ததும் ஷெரின் சத்தமாகத் தோத்திரம் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே வருகிறோம். நீ கோயிலுக்குப் போய்விட்டு வா, அத்தானோடு நான் இருக்கிறேன்.

விஜி எழுதினது வந்தது. நானும் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். தளவாய் ஒரு ஹெலிகாப்டரைக் கயிறு போட்டு இழுக்கிறான். வசனம் எல்லாம் எங்கேயோ கேட்டது. படுமோசம் அக்கா. கடைகளில் மறுபடியும் முன்னால் தொங்குகிறது. ஒரு வாரத்தில் கட்டுக் கட்டாகப் போய்விட்டதாம், வினோத் சொன்னான். அவன் இப்போது எதையும் அழிப்பதில்லை.

நேற்று டீக்கடையில் சமுத்திரம் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஆளா வந்துட்டிய அண்ணாச்சி! மேலுக்குச் சொகமாயிட்டு போல. என்னா இழு இழுக்கான்!"

எனக்கு மனம் கேட்கவில்லை. "சமுத்திரம், இது நான் எழுதினது இல்ல. பேருதான் என்னது, எழுதினது வேற ஆளு" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாதிய. எம்புட்டு வருசமாப் படிக்கேன், ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதா? நடுவுல ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு ரெண்டு வந்துச்சு பாருங்க, அதத்தான் நீங்க எழுதல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அதில் பாதி சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சேத்தூர் பஸ் வந்துவிட்டது. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பஸ் நகர்வதற்குள் புத்தகத்தை விரித்துவிட்டார். படித்து முடித்த புத்தகத்தைத்தான் மறுபடியும் விரித்தார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவர்மேல் வருத்தமும் இல்லை, அந்த விஜி மேல் கோபமும் இல்லை.

நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்குப்படி தளவாய் என்று வருகிற இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டேன். வேறு பெயர் எழுதப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. லாரியிலிருந்து விழுந்தவனுக்கு மட்டும் பெயர் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு இல்லை. நீ படித்துவிட்டு வை. அவசரம் ஒன்றும் இல்லை, இதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

உன் தம்பி
பென்சன்